போஸ்டரில் பெயர் வராதவர்களுக்கு

கலிஃபோர்னியா, பெர்க்லி, 924 கில்மன் தெரு. பங்க் எனும் வேகமான, சத்தமான ராக் இசைக்கான சின்னக் கூடம். அங்கே வாசல் மேசையில் சில்லறை எண்ணுபவர் தொடங்கி நள்ளிரவில் துடைப்பம் எடுப்பவர் வரை எல்லாருக்கும், இதுபோன்ற சின்னக் கூடங்களில் இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கும், பங்க் ரசிகர்களின் வணக்கம்.

பங்க் கச்சேரி போஸ்டரில் நாலைந்து குழுக்களின் பெயர், தேதி, நுழைவுக் கட்டணம் இருக்கும். அதோடு சரி. உங்கள் பெயர் அதில் வராது, இந்த மடலிலும் வராது. நீங்கள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்கிறோம். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது.

கில்மனின் வரலாறு பலரும் எழுதியதுதான். 1986 டிசம்பர் 31 இரவு திறந்தது. மாக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகையின் டிம் யோஹனன் முன்னின்று தொடங்கினார். 1988-ல் அந்தத் தரப்பு விலகிக்கொண்டபோது, வழக்கமாக வந்துபோனவர்களே பொறுப்பை எடுத்து நடத்தினார்கள். ஆபரேஷன் ஐவி குழுவின் கடைசிப் பொதுக் கச்சேரி 1989 மே 28-ல் இந்த மேடையில்தான். பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதும் கிரீன் டே குழுவுக்கு இந்த மேடை இல்லை என்றானது. 2015 மே மாதம் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்காகத்தான் திரும்ப ஏறினார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத விஷயம் கணக்கு. அமெரிக்காவில் சின்ன கிளப்புகள் பெரும்பாலும் பிழைப்பது மது விற்பனையில்தான். அதனாலேயே பல இடங்களில் 21 வயது ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கில்மனில் மது கிடையாது, அதனால் பதினைந்து வயதுப் பெண்ணும் வரலாம். ஆனால் பீர் விற்ற காசு இல்லாத இடத்தில் வாடகையும் மின்கட்டணமும் வாசல் வசூலிலிருந்துதான் வரவேண்டும். சம்பளம் கொடுத்தால் கட்டாது. நீங்கள் காசு வாங்காமல் நிற்பதால்தான் அந்தப் பெண் உள்ளே நிற்கிறாள்.

வாசல் மேசைக்காரர்களுக்கு முதல் நன்றி. இருபது டாலர் நோட்டை நீட்டும் நூறு பேருக்கும் முகம் சுளிக்காமல் மீதி கொடுக்கிறீர்கள். (ரசிகர்களே, ஒன்றும் ஐந்துமாகக் கொண்டுவாருங்கள். வரிசை பாதி நேரத்தில் நகரும்.) மற்ற கிளப்புகளின் வாசலில் மார்க்கரால் புறங்கையில் எக்ஸ் போடுபவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். 1980-ல் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் கிளப்புக்கு வாசிக்கப் போன டீன் ஐடில்ஸ் குழுப் பையன்களின் கையில் போட்ட குறி அது. இவனுக்கு மது ஊற்றாதே என்று பொருள். ஊர் திரும்பியவர்கள், இந்தக் குறியைப் போட்டு எங்கள் வயதுக்காரர்களையும் உள்ளே விடுங்கள் என்று தங்கள் ஊர் கிளப்புகளைக் கேட்டார்கள். தடைக்கு வைத்த குறி நுழைவுச்சீட்டாக மாறியது.

அடுத்து, அதே மேசையில் நுரை இயர்பிளக் கிண்ணம் வைத்திருப்பவருக்கு. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தாழ்ந்த கூரையும் சிமெண்ட் தரையும் உள்ள கூடத்தில் சத்தம் 105 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில் நலன் ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி, 106-ல் நாலு நிமிஷம்கூட இல்லை. பங்க் பாட்டு இரண்டு நிமிஷம் என்று வைத்தால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது.

அந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்தவர்களில் பாதிப்பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள். காதின் வாயில் ஒட்டிவைத்துவிட்டு, பாட்டு கேட்கிறதே என்று திருப்திப்படுகிறார்கள். நுரையை விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டவேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருக்கவேண்டும். கண்ணாடி பார்த்தால் நுரை வெளியே துருத்தக்கூடாது. பாக்கெட்டில் 33 டெசிபல் குறைக்கும் என்று அச்சடித்திருந்தாலும் அதை நம்பக்கூடாது. அதில் 7 கழித்துப் பாதியாக்கினால் வருகிற 13-தான் நடைமுறைக்கு ஒத்த எண். 106 என்பது 93 ஆகும். அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். நாலு குழு அரை மணி வீதம் வாசித்தால் இரண்டு மணி நேரம். ஆகவே குழு மாறும் இடைவெளியில் வெளியே போய் நிற்பதோடு, ஒரு குழுவையாவது பின்சுவரோரம் நின்று கேட்பது நல்லது. நுரை உச்ச ஸ்தாயியை அதிகமாக வெட்டும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அது பிடிக்காதவர்கள் எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும் ஃபில்டர் வகையை வாங்கிக்கொள்ளட்டும். காசு இல்லாதவருக்கு அந்தக் கிண்ணமே போதும்.

ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்பவருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். பாடகர் குரல் கேட்கவில்லை என்று எல்லாரும் உங்களைத்தான் முறைக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் மேடையில் இருக்கிறது. சின்னக் கூடத்தில் டிரம்ஸுக்கு மைக்கே தேவைப்படாது, அதுவே சத்தத்தின் தரைமட்டம். கித்தார்க்காரர் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப்பைத் தன் முழங்காலுக்கு நேராக வைத்துக்கொண்டு, தனக்குக் கேட்கவில்லையென்று கூட்டிக்கொண்டே போவார். எதிரே நிற்பவர்களின் காது கிழியும், குரல் மூழ்கும். நீங்கள் ஆம்ப்பைப் பின்னால் சாய்த்து அவர் காதுக்குத் திருப்பிவிட்டதும் அவரே குறைத்துவிடுவார். ஒரு வார்த்தை சண்டை இல்லாமல் காரியம் முடிகிறது.

ஃபீட்பேக் ஊளையும் அப்படித்தான். ஷூர் எஸ்.எம். 58 போன்ற மைக் முன்னாலிருந்து வரும் ஒலியை எடுத்து, பின்னாலிருந்து வருவதைத் தள்ளும். அதற்கான துளைகள் வலைத்தலைக்குக் கீழே இருக்கின்றன. பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பிக்கும், பாடகருக்கே அவர் குரல் கேட்க எதிரே வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியையும் சேர்த்து. உடனே ஊளை. கூட்டத்துக்குள் மைக்கை நீட்டிக் கூடப் பாடவிடும்போது பத்துக் கைகள் ஒரே நேரத்தில் பொத்தும். அந்த நொடியில் உங்கள் விரல் மானிட்டர் ஒலியை இறக்கியிருக்கும். பார்த்திருக்கிறோம். நசுங்கிய வலைத்தலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் நுரையோடு சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுகிறீர்களே, அதற்கும் சேர்த்து. முந்தின நாள் ஆறு பேர் எச்சில் தெறித்த மைக் அது.

பாடகரின் உதட்டில் ஷாக் அடித்தால், ஆம்ப்பும் ஒலிப்பலகையும் வேறுவேறு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா, எங்காவது எர்த் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பவரும் நீங்கள்தான். மேடைக்கும் ஒலிப்பலகைக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் இழுக்கிறீர்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யோசனை சொல்லுகிறவரைத் துரத்துகிறீர்கள். அந்த யோசனையில் உயிரும் போகும்.

சாமான் தூக்குபவர்கள். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய ஆம்பெக் பேஸ் பெட்டிக்கு ஃபிரிட்ஜ் என்று சும்மா பெயர் வரவில்லை, 60 கிலோவுக்கு மேல். அதை இரண்டு பேராக, சக்கரத்தின் பக்கம் சாய்த்து ஏற்றுகிறீர்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் சொருகாமல் யாரும் ஆன் செய்துவிடாதபடி காவல் நிற்கிறீர்கள். செய்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எரியும். கித்தார் வயரை எடுத்து ஸ்பீக்கருக்குப் போடப்போனவர் கையிலிருந்து வாங்கி, உள்ளே தடித்த கம்பி ஓடும் ஸ்பீக்கர் வயரைக் கொடுக்கிறீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சொருகும் முனையும் ஒன்றேதான். பேஸ் டிரம் உதைக்க உதைக்க முன்னால் நகர்ந்து போகும் என்று தெரிந்து, கம்பளம் விரித்து, எதிரே சிமெண்ட் கல் ஒன்று வைக்கிறீர்கள். டிரம் எல்லாக் குழுவுக்கும் பொதுவானதாக இருந்தாலும் ஸ்னேர், சிம்பல், பெடல் மூன்றும் அவரவர் கொண்டுவரவேண்டும், உடைகிற சாமான்கள் அவை. பெடலை மறந்துவந்த டிரம்மருக்குத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கும் அடுத்த குழுக்காரருக்குத் தனி நன்றி.

இனி பிட். மேடைக்கு முன்னால் சுழல்கிற அந்தக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும். தேர் வடம் பிடித்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. நெரிசலுக்குள்ளேயே ஒரு ஒழுங்கு ஓடும். யாராவது விழுந்தால் ஒருவர் சுழலுக்கு முதுகு காட்டி, கை விரித்துச் சுவராக நிற்பார். இரண்டு பேர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குவார்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதில்லை, தோள்மூட்டு நழுவும். எழுந்தவரின் முகத்தை ஒருமுறை பார்த்து, கட்டைவிரல் காட்டினால் விட்டுவிடுவார்கள். மூன்று விநாடி வேலை. அதைச் செய்கிற முகம் தெரியாத உங்கள் எல்லாருக்கும் இந்த மடலின் பாதி நன்றி.

கீழே கிடைத்த மூக்குக்கண்ணாடியை, ஒற்றை ஷூவை, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே நிற்பவர்களுக்கும். கூட்டத்தின் மேல் மிதந்துவருபவரின் தலையையும் முதுகையும் தாங்கி, பூட்ஸ் யார் மண்டையிலும் படாமல் திருப்பிவிடுபவர்களுக்கும். முன்கம்பிக்கு எதிராக நசுங்குகிறவருக்கு, கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளச் சொல்லி, நேரே பின்வாங்காமல் பக்கவாட்டில் கோணலாக வெளியே கூட்டிப்போகிறவருக்கும். ஓரத்தில் கைகட்டி நிற்பவர்களைக் கேலி செய்வது நம் வழக்கம். ஆனால் பிட்டின் சுவர் அவர்கள்தான். தெறித்துவருபவனை மார்பில் வாங்கி மெல்ல உள்ளே திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் உயரம் குறைந்தவர்கள் நிம்மதியாகப் பாட்டு பார்க்கிறார்கள்.

முள் வைத்த பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு உள்ளே செருகுபவர்களுக்கும் நன்றி. செய்யாதவர்களுக்கு வேண்டுகோள்.

வேண்டுமென்றே முழங்கையை வீசுகிறவனிடம் போய், சண்டை போடாமல், காதருகே இரண்டு வார்த்தை பேசி வெளியே அழைத்துப்போகும் தொண்டர்களை மறக்கமுடியாது. வாஷிங்டன் பங்க் குழுவான ஃபுகாசி இதை மேடையிலிருந்தே செய்தது. பாட்டை நிறுத்தி, ஆளைச் சுட்டிக்காட்டி, டிக்கெட் காசு ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எல்லாக் குழுவுக்கும் அந்தத் துணிவு இருப்பதில்லை, அந்த இடத்தை நீங்கள் நிரப்புகிறீர்கள்.

தலையில் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுத்துத் திரும்ப உள்ளே அனுப்பாமல், வாந்தி வருகிறதா, கேட்டதையே கேட்கிறாரா, தலைவலி ஏறுகிறதா என்று கூடவே உட்கார்ந்து பார்த்து, இதில் எது இருந்தாலும் ஆம்புலன்சுக்குப் போன் போடுபவர்களுக்கு வார்த்தை போதாது.

கடைசியாக வீட்டுக் கதவைத் திறந்தவர்கள். வெளியூர்க் குழுவுக்கு வாசல் வசூலில் முதல் பங்கு என்று ஒதுக்கினாலும் பெட்ரோலுக்கே சரியாய்ப் போகும், ஹோட்டல் கட்டாது. ஐந்து பேருக்குத் தரையில் இடம், ஒரு பெரிய பாத்திரம் சோறும் ராஜ்மாவும். பலர் பாலும் வெண்ணெயும்கூடத் தொடாதவர்கள் என்பதால் எண்ணெயில் தாளித்தது. வேனைப் பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்கிறீர்கள். பின்கதவு திறக்க இடமிருக்காது, காலையில் கித்தார்கள் அப்படியே இருக்கும்.

நன்றியுடன்,
முன்வரிசையிலும் பின்சுவரோரமும் நிற்கிற ரசிகர்கள்

பி.கு.: புறங்கை எக்ஸ் குறி வெறும் சோப்புக்குப் போகாது. கை சுத்தம் செய்யும் சானிடைசரை ஊற்றி ஒரு நிமிஷம் விட்டுத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய்.