தானியங்கி வரிசை எண் தவறாக வருவது குறித்த புகார்

அனுப்புநர்
பக்க வடிவமைப்பாளர்,
தமிழ்ப் பதிப்பகம் ஒன்றின் சார்பில்,
சென்னை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பக்க வடிவமைப்பு மென்பொருள் நிறுவனம்.

பொருள்: பல ஃபைல்கள் கொண்ட புத்தகத்தில் வரிசை எண் தொடராமல் மறுபடி 1-இலிருந்து தொடங்குவது, தமிழ் எழுத்து வரிசையில் காலிக் கட்டங்கள் வருவது ஆகியவற்றைச் சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறோம். உரைநூல்கள், சட்ட விளக்க நூல்கள், போட்டித் தேர்வு வினா வங்கிகள் என்று எண் இல்லாமல் நகராத புத்தகங்களே எங்களிடம் அதிகம். தானியங்கி எண் வசதியை நம்பித்தான் இந்த மென்பொருளுக்கு மாறினோம். "இந்திய மொழிகளுக்கு முழு ஆதரவு" என்ற உங்கள் விளம்பரமும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது கையில் இருப்பது திருக்குறள் உரை நூல். குறளை யாரும் பக்க எண் சொல்லித் தேடுவதில்லை, குறள் எண் சொல்லித்தான் தேடுவார்கள். 1330 குறளுக்கும் தொடர் எண், 133 அதிகாரத்துக்கும் தனி எண், ஒவ்வொரு குறளின் உரைக்கும் கீழே (அ), (ஆ) என்று குறிப்புகள். இதற்காக ஒரே லிஸ்டில் மூன்று லெவல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரா ஸ்டைல் (ஒரே வகைப் பத்திகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வடிவமைப்பு) அமைத்தோம். முதல் லெவல் அதிகாரம். இரண்டாவது குறள். புது அதிகாரம் தொடங்கினாலும் குறள் எண் 1-க்குத் திரும்பாதபடி அதன் செட்டிங்கை மாற்றினோம். மூன்றாவது லெவல் குறிப்பு, இது ஒவ்வொரு குறளுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். எல்லாம் உங்கள் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கும் முறைதான்.

புத்தகம் பெரியது என்பதால் மூன்று பாலையும் மூன்று ஃபைலாக வைத்து, புத்தகப் பட்டியலில் சேர்த்து, 'முந்தைய ஃபைலிலிருந்து எண்ணைத் தொடர்க' என்பதைத் தேர்வு செய்தோம். அறத்துப்பால் 38 அதிகாரம், 380 குறள். அடுத்து வரும் பொருட்பால் 381-இல் தொடங்க வேண்டும். திரையில் 381 என்றுதான் தெரிந்தது, அச்சிட்டுப் பார்த்த புரூஃபிலும் அப்படியே இருந்தது. ஆனால் அச்சகத்துக்கு அனுப்ப எடுத்த பிடிஎஃப்-இல் பொருட்பாலின் முதல் குறளுக்கு எண் 1. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வரவில்லை.

இது எங்கே தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நூலின் கடைசியில் வரும் பாட்டு முதற்குறிப்பு அகராதி (குறள்களின் முதல் சொற்களை அகர வரிசையில் தரும் பட்டியல்) குறள் எண்களைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தோம். அதில் 'கற்க கசடற' என்பதற்கு எதிரே 391 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருந்தது. வான்சிறப்பின் முதல் குறளான 'வானின்று உலகம்' என்பதற்கும் 11. மெய்ப்புப் பார்ப்பவர் இந்த இரண்டு 11-களையும் கவனித்ததால் பிளேட் போடுவதற்கு முன்பே அச்சகத்தில் நிறுத்த முடிந்தது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால், பள்ளி மாணவர்கள் வாங்கிப் படிக்கும் நூலில் 950 குறளுக்கு எண் தவறாக அச்சாகியிருக்கும். அந்தப் பழி பதிப்பகத்தின் பெயருக்குத்தான் வந்திருக்கும்.

காரணத்தையும் நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். புத்தகப் பட்டியல் வழியாகத் திறக்காமல் பொருட்பால் ஃபைலை மட்டும் தனியாகத் திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தால் போதும், தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. பிறகு பட்டியலைத் திறந்தால் திரையில் பழையபடி 381 தெரிகிறது, பிடிஎஃப் மட்டும் சேமித்த ஃபைலில் உள்ள 1-ஐ எடுத்துக்கொள்கிறது. திரையில் தெரிவது ஒன்று, அச்சுக்குப் போவது வேறொன்று என்றால் மெய்ப்புப் பார்ப்பதற்கே அர்த்தமில்லை. எங்கள் புகாரில் முதன்மையானது இதுதான்.

உங்கள் சேவைப் பிரிவு சொன்ன யோசனைகளையும் செய்து பார்த்தோம். குறள் ஸ்டைலில் 'தொடக்க எண் 381' என்று கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்ததும் பொருட்பாலின் 700 குறளுக்கும் 381 என்றே வந்தது. அப்புறம், ஸ்டைலில் தொடாமல் முதல் குறளின் பாராவுக்கு மட்டும் தொடக்க எண் கொடுக்கச் சொன்னார்கள். அது வேலை செய்தது. ஆனால் வேறு காரணத்துக்காக அந்தப் பாராவில் ஸ்டைலைப் புதுப்பித்தால் அந்த எண் போய்விடுகிறது. குறள் எண் மாறாதது, அதனால் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். வினா வங்கியில் என்ன செய்வது? முதல் ஃபைலில் ஒரு கேள்வி கூடினால், அடுத்தடுத்த ஃபைல்களின் தொடக்க எண்ணை எல்லாம் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக, எண்களைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். மாற்றினால் உரைக்குள் 'குறள் 391 காண்க' என்று கொடுத்திருக்கும் இணைப்புகள் செத்துப்போகும், அகராதியும் எண்ணை எடுக்காது. தானியங்கி எண்ணுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதை எடுத்துவிடச் சொல்வது தீர்வாகாது. அந்தப் பதிலோடு எங்கள் புகாரை 'தீர்ந்தது' என்று மூடியும் விட்டீர்கள்.

இரண்டாவது குறை தமிழ் எழுத்து வரிசை. குறிப்புகள் ஆறு வரை ஒழுங்காக வருகின்றன: அ, ஆ, இ, ஈ, உ, ஊ. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது குறிப்புகளுக்கு எழுத்துக்குப் பதில் காலிக் கட்டம் வருகிறது. பத்தாவதில்தான் 'எ' தெரிகிறது. ஐ-க்குப் பிறகு மறுபடி ஒரு கட்டம். இதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இந்திய எழுத்துகள், இந்திய மொழிகளுக்கான பழைய குறியீட்டுத் தரமான இஸ்கியை (ISCII) ஒட்டி ஒரே அமைப்பில் அடுக்கப்பட்டவை. தேவநாகரியில் உள்ள, ஆனால் தமிழில் இல்லாத உயிரெழுத்துகளின் இடங்கள் தமிழில் காலியாக விடப்பட்டுள்ளன. ஊ-வுக்கும் எ-வுக்கும் நடுவில் அப்படி மூன்று இடங்கள், ஐ-க்கும் ஒ-வுக்கும் நடுவில் ஒன்று. உங்கள் மென்பொருள் தமிழின் எழுத்து வரிசையைப் பார்க்காமல் யூனிகோடு எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவதாகத்தான் தெரிகிறது. பன்னிரண்டு உயிரெழுத்துகளை வரிசையாக எழுதி வைத்தாலே தீரக்கூடிய குறை இது. தமிழில் ஒருவர் ஏழு குறிப்புகளைத் தட்டிப் பார்த்திருந்தால் வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண் போடுவது எங்கள் வழக்கம். அதில் பத்துக்கு ௧௦ என்று மட்டுமே வருகிறது. பழைய முறையில் பத்து ௰, பதினொன்று ௰௧, இருபது ௨௰. இந்தக் குறிகள் யூனிகோடில் இருக்கின்றன. இரண்டு முறையும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் தேர்வாகக் கொடுங்கள். இது அவசரமில்லை, மற்ற இரண்டும் அவசரம்.

மூடிய புகாரை மீண்டும் திறந்து, தொழில்நுட்பப் பிரிவின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். திருத்தம் எந்தப் பதிப்பில், எப்போது வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை, ஃபைலில் சேமித்த எண்ணும் புத்தகப் பட்டியல் காட்டும் எண்ணும் வேறுபட்டால் பிடிஎஃப் எடுக்கும்போது எச்சரிக்கை வரும்படியாவது செய்யுங்கள். இதைச் செய்ய இயலாது என்றால், சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வோம். அதிலும் தீரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். உங்கள் விளம்பர வாசகத்தையும் அங்கே வைப்போம்.

ஜனவரியில் புத்தகக் காட்சி இருக்கிறது, அதற்குள் நூல் அச்சாகி வர வேண்டும். உங்கள் பொறியாளர் யாராவது நேரடியாகப் பேச விரும்பினால், ஃபைல்களைத் திறந்து பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர்

இணைப்பு: பொருட்பால் முதல் அதிகாரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பிடிஎஃப் பக்கமும், முதற்குறிப்பு அகராதியின் தவறான பக்கம், காலிக் கட்டங்கள் வரும் குறிப்புப் பக்கம், சந்தா ரசீது.