டார்பன் பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்களுக்கும், கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும்

வணக்கமுங்க.

கோவையில் நம் தூண்டில் கடைக்கு வந்து போகிறவர்களுக்குத் தனியாக அறிமுகம் தேவையில்லை. மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவின் ரியோ கொலராடோ ஆற்றுக்கு, டார்பன் என்ற பெரிய மீனைத் தூண்டிலில் பிடிக்க நாங்கள் கூட்டிப்போகும் பயணம் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றுகிறது. "லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு மீனைக்கூடக் கண்ணில் காட்டவில்லை" என்று. எழுதியவர் நம் பழைய வாடிக்கையாளர்தான். அவர் மேல் கோபமில்லை. வருத்தமும் இல்லை என்றால் பொய்.

மீன் சிக்காமல் இல்லை. சிக்கியது, துள்ளியது, போய்விட்டது. டார்பன் அப்படித்தானுங்க. அங்கே 30, 40 கிலோ மீன் சாதாரணம். வாயின் உள்பக்கம் தேங்காய்த் தொட்டி மாதிரி, ஹூக் லேசில் இறங்காது. நம்மவர்கள் ஆழியாற்றிலும் அமராவதி அணையிலும் மாவு வைத்து ஜிலேபி மீன் பிடித்துப் பழகியவர்கள். கடித்ததும் கை தானாக ராடைத் தூக்கிவிடும். டார்பனுக்கு அது ஆகாது. ராடை மீன் பக்கமே நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் லைனை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மீன் தண்ணீரை விட்டு எழும்பும்போது ராடைத் தாழ்த்தி லைனைத் தளர்த்த வேண்டும். இறுக்கினால் லைன் அறும், இல்லையென்றால் ஹூக் தெறிக்கும். எல்லாம் சரியாகச் செய்த கைக்காரர்களிடமிருந்தே பாதிக்கு மேல் தப்பித்துவிடும். எத்தனை துள்ளியது, எத்தனை படகுக்கு வந்தது என்று அங்கே இரண்டு கணக்கு வைப்பதே இதனால்தான்.

படகுக்கு வந்தாலும் வீட்டுக்கு வராது. முள் நிறைந்த மீன், பிடித்ததை ஆற்றிலேயே விடுவதுதான் அங்கே வழக்கம். கிளம்பும் முன்பே இதைச் சொல்லித்தான் கூட்டிப்போகிறோம்.

டார்பன் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் மீன். ஆறு கலங்கிக் கிடந்தாலும் இருக்கும் இடம் தெரிந்துவிடும். தெரிகிற மீனெல்லாம் கடிக்கும் என்று எந்த வழிகாட்டியும் வாக்குக் கொடுக்க மாட்டார், நாங்களும் கொடுத்ததில்லை. முகத்துவாரத்தில் அலை முரடாக இருந்தால் படகு கடல் பக்கம் போகாது, ஆற்றுக்குள்ளேதான் பார்க்க வேண்டும். அலைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அடுத்த பயணம் செப்டம்பர் கடைசியில். கோஸ்டாரிகாவின் மற்ற பக்கமெல்லாம் மழை கொட்டும் அந்த மாதங்களில் இந்தக் கரீபியன் கரையில் மட்டும் மழை சற்றுக் குறையும். நாம் போகும் பாரா டெல் கொலராடோ ஊருக்குச் சாலை கிடையாது, சின்ன விமானமோ படகோதான். படகு, தங்குமிடம் எல்லாம் டாலரில் கட்டுகிறோம். அதனால் கட்டணம் 15 சதவீதம் கூடுகிறது, முன்பணம் இனி திரும்பாது. அமெரிக்கா வழியாகப் போவதால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேர் கொடுங்கள்.

கூடவே வந்து பார்த்துக்கொண்ட தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல பையன், நன்றாக இருக்கட்டும். இந்தத் தடவை நானே வருகிறேன்.

காங்கயத்தில் நண்பரின் கொப்பரைக் களத்தில் ஞாயிறு காலை காஸ்டிங், அதாவது லைனை வீசுவது, பழக்குகிறோம். தண்ணீர் வேண்டியதில்லை, இடம்தான் வேண்டும். பேர் கொடுத்தவர்களுக்கு இது இலவசம். போன தடவை போய் வந்தவர்களும் தாராளமாக வரலாம், அந்த வாடிக்கையாளரும்தான்.

திருப்பூரில் ஆர்டர் நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்தவர்களுக்கும், பொள்ளாச்சித் தோப்புக்காரர்களுக்கும், அந்தப் பேச்சைப் படித்துவிட்டு முதலில் எங்களையே கூப்பிட்டுக் கேட்ட ஈரோட்டு நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் கடை ஓடுகிறது.

அப்புறம், டார்பன் மாதிரிப் பெரிய மீனுக்கான 12ஆம் எண் ராடு வாங்க யாரும் அவசரப்பட வேண்டாம். களத்தில் எங்களுடையதை வீசிப் பாருங்கள், கைக்கு ஒத்துவந்தால் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்