தென் கொரியாவில், தேகுவில் இருக்கும் மகளுக்கு

கண்ணம்மா,

தேகுவில் நம்மூர்க்காரர்களே கண்ணில் படுவதில்லை என்று போனில் அலுத்துக்கொண்டாய். கொரியப் போர் நடந்தபோது அதே ஊரில் நம் ராணுவம் ஆஸ்பத்திரி நடத்தியது, தெரியுமா?

60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்று பெயர். ஏதோ நாலு வண்டி என்று நினைத்துவிடாதே, சர்ஜன், மயக்க டாக்டர், பல் டாக்டர் எல்லாம் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் பேர். சண்டைக்குப் படை அனுப்ப மாட்டோம், வைத்தியம் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று நேரு அரசு சொல்லிவிட, 1950 நவம்பரில் தென் கொரியத் துறைமுகமான பூசானில் வந்து இறங்கினார்கள். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' நம்ம ஆற்காடு!

வந்த கையோடு வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போனார்கள். டிசம்பரில் வட கொரியாவுக்குத் துணையாக வந்த சீனப் படை நெருங்கிவிட்டது, எல்லாரும் ஊரைக் காலி செய்கிறார்கள், சாமான் ஏற்ற வண்டி கிடையாது, விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்ற நிலைமை. இவர்கள் விடவில்லை. எங்கேயோ கிடந்த ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிக் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றி, ஓட்டத் தெரிந்தவர்களை ஏற்றி, மருந்து, கருவி அத்தனையோடும் தெற்கே வந்து சேர்ந்தார்கள். இவர்கள் தாண்டியதும் பாலத்தைத் தகர்த்துவிட்டார்களாம்.

அப்புறம் யூனிட் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி பிரிட்டிஷ் காமன்வெல்த் படையோடு போர்முனைக்கு, மறுபாதி உன் தேகுவில் கொரியச் சிப்பாய்களுக்கும் ஊர் ஜனங்களுக்கும் வைத்தியம் பார்க்க. 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையோடு ரங்கராஜும் சகாக்களுமாக 12 பேர் பாராசூட்டில் குதித்ததைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது, சரி. ஆனால் ஆஸ்பத்திரி ஸ்டோரிலேயே காலம் தள்ளிய எனக்கு அந்த ரயில்தான் பெரிது. ஸ்டோர் காலியாக இருந்தால் எவ்வளவு பெரிய சர்ஜனும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1954 வரை அங்கே இருந்துவிட்டுத்தான் திரும்பினார்கள். ரங்கராஜ் பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, பெரியம்மையை ஒழிக்க ஆப்கானிஸ்தான் வரைக்கும் போயிருக்கிறார். மனுஷன் சும்மா இருக்க மாட்டார் போல.

பூசானில் தேஜோங்டே பக்கம் மருத்துவக் குழு அனுப்பிய நாடுகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நார்வே, டென்மார்க், ஸ்வீடன், இத்தாலியோடு இந்தியாவும் அதில் உண்டு. தேகுவிலிருந்து வேக ரயிலில் பூசானுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதாமே, ஒரு சனிக்கிழமை போய் போட்டோ எடுத்து அனுப்பு. பருப்புப்பொடி பார்சல் போட்டாச்சு, வந்ததும் சொல்லு.

அப்பா