உர்த்தோவா, றோபோவா?

அன்புள்ள கயல்,

மெட்ரோவில் போன் திருடு போனதாக எழுதியிருந்தாய். நாளை போலீஸில் எந்தச் சொல்லைச் சொல்கிறாய் என்பதுதான் இப்போது முக்கியம். மாட்ரிட்டில் எல்லாரும் "மே ஆன் றொபாதோ" (என்னிடம் திருடிவிட்டார்கள்) என்றுதான் சொல்வார்கள். பேச்சுக்குச் சரி, சட்டத்தில் அது வேறு குற்றம்.

நாம் திருட்டு, வழிப்பறி, பூட்டை உடைத்துத் திருடுவது என்று பிரிக்கிறோம். ஸ்பெயினின் 1995 தண்டனைச் சட்டத்தில் முதலாவது உர்த்தோ. மற்ற இரண்டும் றோபோ. இயந்திர ரோபோ மாதிரிச் சொல்லாதே, முதல் எழுத்தை நாக்கு அதிர உருட்டு. யாரையும் தாக்காமல், மிரட்டாமல், எதையும் உடைக்காமல் எடுத்தால் உர்த்தோ. கார்க் கண்ணாடியை உடைத்து உள்ளிருந்த பையை எடுத்தால் றோபோ. உன் வீட்டுச் சாவியைத் திருடி அதைக் கொண்டே கதவைத் திறந்தாலும் றோபோதான். சட்டத்தின் கண்ணில் அது கள்ளச்சாவி. தோளில் தொங்கும் பையை வெடுக்கென்று இழுத்து ஓடுவதற்குத் 'திரோன்' என்று பெயர். அதைப் பெரும்பாலும் றோபோவாகவே பதிவார்கள்.

உனக்கு நடந்தது உர்த்தோ. கைப்பையிலிருந்து எடுத்ததைச் சொல்லும்போது "எனக்கே தெரியாமல்" என்பதற்கு "சின் கே மே தியேரா குவென்தா" என்ற தொடர் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல காப்பீட்டுப் பாலிசிகள் றோபோவுக்குப் பணம் தரும், உர்த்தோவுக்குத் தராது. "கத்தியைக் காட்டினான் என்று சொல்லிவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. நடக்காத குற்றத்தைப் புகார் செய்வது 'சிமுலாதியோன் தே தெலித்தோ'. அதற்கு 6 முதல் 12 மாத முல்தா. முல்தா என்றால் அபராதம். மாதக் கணக்கைப் பார்த்துச் சிறை என்று நினைத்துவிடாதே. ஒரு மாதத்துக்கு 30 நாள், ஒரு நாளுக்கு இத்தனை யூரோ என்று வசதியைப் பார்த்து நீதிபதி விதிப்பார். நாளுக்கு 6 யூரோ என்றாலே 6 மாதத்துக்கு 1,080 யூரோ. போனின் விலையைவிட அதிகமாகிவிடும்.

போனின் மதிப்பையும் சரியாகச் சொல். 400 யூரோவைத் தாண்டாத உர்த்தோ பொதுவாகத் 'தெலித்தோ லேவே', சிறு குற்றம், அபராதத்தோடு முடியும். தாண்டினால் 6 முதல் 18 மாதம் வரை சிறை.

ஆங்கிலப் பழக்கத்தில் தடுக்கி விழும் சொற்களும் உண்டு. இன்ஹூரியா காயம் அல்ல, அவமதிப்பு, காயத்துக்கு லெஸியோனெஸ். சென்தென்தியா என்பது தீர்ப்பு, விடுதலைத் தீர்ப்புக்கும் அதே பெயர்தான். தண்டனை என்றால் பேனா (எழுதும் பேனா இல்லை!). விதிமீறலைச் சொல்ல வந்து வியோலாதியோன் என்று வாய்தவறிவிடாதே, கேட்பவர்கள் பாலியல் வன்கொடுமை என்றே எடுத்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டியது இன்ஃப்ராக்தியோன். கிரிமென் என்றாலும் பேச்சில் கொலைதான் நினைவுக்கு வரும். பொதுவாகக் குற்றம் என்பதற்குத் தெலித்தோ போதும்.

புகாருக்குத் தெனுன்தியா என்று பெயர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கேரெல்யா என்று யாராவது சொன்னால் அது வேறு. வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் போடுவது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கொமிஸாரியாவுக்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போ. எந்த மெட்ரோ நிலையம், எத்தனை மணி, எந்தப் பையின் எந்த அறை என்று வரிசையாகச் சொல். மொழி தடுமாறினால் 'இன்தேர்ப்ரெதே', மொழிபெயர்ப்பாளர், வேண்டும் என்று கேள்.

தட்டச்சு செய்த தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. 'எக்ஸ்த்ரவீயோ' என்று இருந்தால் நீயே தொலைத்ததாக அர்த்தம்; அங்கேயே திருத்தச் சொல். நகல் வாங்காமல் வெளியே வராதே, காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

போனின் அட்டைப்பெட்டி இங்கே உன் அலமாரியில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) பில்லையும் படம் எடுத்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது அச்செடுத்துக் கொண்டு போ.

அன்புடன்,
அப்பா