பேராசை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களின் ஆன்லைன் சூதாட்டம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பேராசை, சோம்பேறித்தனம், உழைக்காமல் சம்பாதிக்கும் புத்தி என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். நான் ஒரகடத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையன்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறவர்கள். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, ஊரை விட்டு வந்து, ஒரு ரூமில் ஆறேழு பேராகத் தங்கி, நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சிவந்து வந்து நிற்பவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் இது எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ரூமில் கூட இருப்பவன் ரெஃபரல் கோட் அனுப்புகிறான். சேர்ந்தால் இவனுக்கும் போனஸ், அவனுக்கும் கமிஷன். ஐபிஎல் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம், யார் ஓப்பனிங் இறங்குவார், எந்தப் பிட்ச்சில் ஸ்பின் எடுபடும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவனிடம் "உன் அறிவுக்குக் காசு" என்றால் அவன் ஏன் அதைச் சூதாட்டம் என்று நினைக்கப் போகிறான்? இந்திய அணியின் சட்டையிலேயே ட்ரீம்11 என்று காசு கட்டி ஆடும் கிரிக்கெட் ஆப்பின் பெயர் எழுதியிருந்தது. டிவியில் வந்து ஆடச் சொன்னவர்களும் அவன் கும்பிடும் கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும்தான். விளம்பரத்தின் கடைசியில் பண இழப்பு, அடிமையாக்கும் என்று ஏலக்காரன் வேகத்தில் ஒரு குரல் ஓடியது, அது காதில் விழுந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ரம்மி திறமை ஆட்டம், அதனால் சூதாட்டத்தில் சேராது என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனிகள் இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றன. 2021-ல் தமிழ்நாட்டின் தடைச் சட்டம் ரத்தானதும், 2022-ல் கொண்டுவந்த அடுத்த சட்டத்தில் ரம்மியும் போக்கரும் மட்டும் 2023 நவம்பர் தீர்ப்பில் தப்பித்ததும் அப்படித்தான். சரி, திறமைதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு நண்பர்கள் ஆளுக்கு 1000 ரூபாய் போட்டு, ஆட்டத்துக்கு 100 ரூபாய் கட்டி விளையாடுகிறார்கள் என்று வையுங்கள். கம்பெனி கமிஷன் 10 சதவீதம் என்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 ரூபாய் வெளியே போகிறது. மாறி மாறி ஜெயித்தாலும் 90 ஆட்டத்தில் 1800 ரூபாய் கம்பெனிக்குப் போய்விடும், ஆளுக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும், ஜெயித்தவன் என்று ஒருத்தனும் இல்லை. ஒருத்தனுக்குத் திறமை கொஞ்சம் கூட இருந்தாலும் கம்பெனி கமிஷன் போக மிச்சம்தான் அவனுக்கு. இந்தக் கணக்கை எந்த ஆப்பும் ஸ்க்ரீனில் காட்டவில்லை.

ஆரம்பிப்பதற்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆசை, பொழுதுபோகாமை, கூட்டாளிகள், வயசு. என்னைக் கேட்டால் அதெல்லாம் முதல் பத்து நாளைக்குத்தான். அதற்கு அப்புறமும் ஒருத்தன் ஆடிக்கொண்டே இருக்கிறான் என்றால் அவன் பணக்காரன் ஆவதற்காக ஆடவில்லை, விட்டதைப் பிடிக்க ஆடுகிறான். என் கடைக்கு வரும் பையன்களில் கோடீஸ்வரன் ஆகணும் என்று பேசியவனை நான் பார்த்ததில்லை. "அண்ணே, போனது மட்டும் வந்துட்டா போதும், அப்புறம் தொடவே மாட்டேன்" என்பார்கள். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எட்டாயிரம் போயிருக்கும். 16,000 சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது அது. அம்மாவிடம் சம்பளம் லேட் என்று ஒரு பொய். ஈடுகட்ட லோன் ஆப்பில் ஐயாயிரம் கேட்டால் பிடித்தம் போகக் கையில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஏழு நாளில் முழுசாகக் கட்டணும், கட்டாவிட்டால் போனில் இருக்கும் நம்பருக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் போகும். ஏழு நாளில் ஐயாயிரம் புரட்ட ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு என்ன வழி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். ஓவர்டைம் பார்த்தாலும் அந்தக் காசு அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். இன்று ராத்திரியே வரும் என்று சொல்வது அந்த ஆப் மட்டும்தான். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது: பணம் போடுவது ஒரு நொடி, எடுப்பதற்கு மட்டும் காத்திருக்கணும். காத்திருக்கும்போதே கேன்சல் செய்துவிட்டுத் திரும்ப ஆடலாம். ஜெயித்த காசை அப்படியே உள்ளே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். இதன் கடைசிக் கட்டம் என் கடையில் நடக்கும். தவணை முடியாத போனை விற்க வருவார்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு கேஷ் கொடுங்கள் என்பார்கள். நான் செய்வதில்லை, செய்கிற கடைகளும் இருக்கின்றன.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி போட்டது, எனக்குத் தெரிந்து உருப்படியான விதி அதுதான். அதை எதிர்த்தும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. திறமை ஆட்டத்துக்கு அந்த ஐந்து மணி நேரம் ஏன் அவ்வளவு அவசியமாம்? அந்த ஆகஸ்டிலேயே திறமையோ அதிர்ஷ்டமோ காசு கட்டி ஆடும் எதுவும் கூடாது என்று மத்திய அரசின் சட்டமும் வந்தது. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு வருஷம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது, அது நல்ல விஷயம்.

பெரிய ஆப்கள் எல்லாம் மூடிய அந்த வாரம் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் கடைக்கு வந்தான். தொல்லை விட்டது என்று சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் இருண்டு கிடந்தது. "இனிமே விட்டதை எப்படிண்ணே எடுக்கிறது?" என்று கேட்டான். கடன் அப்படியே இருக்கிறதே. ஆப் மூடினால் லோன் ஆப்காரன் வட்டியை நிறுத்துவானா? இப்படிப்பட்டவர்களைத்தான் டெலிகிராமில் வலைவீசிப் பிடிக்கிறார்கள். பிளே ஸ்டோரில் கிடைக்காத, நேராகப் போனில் ஏற்றிக்கொள்ளும் ஏபிகே ஃபைல், கலர் சொல்லும் ஆட்டம், விமானம் பறந்து வெடிப்பதற்குள் காசை எடுக்கும் ஆட்டம், எல்லாம் வெளிநாட்டு சர்வர். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் யுபிஐ ஐடி வரும். அந்த ஐடிகளுக்கும் நம் பையன்களின் பேங்க் அக்கவுண்டைத்தான் வாடகைக்கு வாங்குகிறார்கள். அக்கவுண்டைக் கொடுத்தவன் பின்னால் போலீஸ் கேஸில் மாட்டுவான். 2003-ல் லாட்டரியை ஒழித்த பிறகும் மூன்று நம்பர் லாட்டரி ஒளிந்து ஓடவில்லையா, அதுபோலத்தான்.

வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும்? அடி, அழுகை, சத்தியம், அக்கா நகை அடகு, கையில் பட்டன் போன். இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பையன் கடனைப் பாதிதான் சொல்லியிருப்பான். மூன்று லட்சம் இருந்தால் ஒன்றரை என்பான், அம்மா தாங்க மாட்டாள் என்ற பயம். சொல்லாத அந்த ஒன்றரை லட்சத்துக்காகத்தான் மறுபடி ஆடுவான், ஜனங்கள் உடனே திருந்தாத ஜென்மம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். பெற்றோர்களே, நகையைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் திட்டாமல் உட்கார்ந்து முழுக் கணக்கையும் வாங்குங்கள். சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒன்று இலவசமாக எடுக்கலாம், பேங்க் கடன், பைனான்ஸ் கம்பெனிக் கடன் அதில் தெரியும். கள்ள லோன் ஆப்பும் நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றும் அதில் வராது, அவன் வாயால்தான் வரணும். மிரட்டல் மெசேஜ் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பையன் பேசாமல் முடங்கிக் கிடந்தால் 14416 இருக்கிறது, அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசில்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று. அந்தக் கட்டுரையை நான் போனில், உங்கள் இணையதளத்தில்தான் படித்தேன். கடைசி வரிக்குக் கீழேயே விளையாட்டுச் செய்தி என்ற பெயரில் ஒரு விளம்பரம், அழுத்தினால் நேராக ஒரு பெட்டிங் சைட்டுக்குப் போகிறது. செய்தித் தளம் என்ற போர்வையில் வரும் இப்படிப்பட்ட விளம்பரங்களைப் போடாதீர்கள் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022-லேயே ஊடகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தானாக வரும் விளம்பரம் என்று சொல்வீர்கள், இருக்கலாம், தானாக வருவதைத் தடுக்கவும் செட்டிங் உண்டு. தடுத்துவிட்டீர்களா என்று இந்தப் பகுதியிலேயே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மொபைல் கடைக்காரர்,
ஒரகடம்