கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்த பதில்

தக்கலை,
ஜனவரி 2026

அன்புள்ள மக்கா,

வாங்கப் போவதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெரிய எஸ்.யூ.வி. கார் படத்துக்கு நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன் அல்லவா, அது சும்மா மரியாதைக்கு. மனதில் உள்ளதை அதிலேயே எழுதியிருந்தால் உடனே போன் போட்டுச் சண்டைக்கு வந்திருப்பாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்த பிறகுதான் திட்ட முடியும்.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மைக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் வீட்டு வரிக்கைப் பிலாவில் பிஞ்சு பிடித்திருக்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். தோஹாவில் எட்டு வழிச் சாலையில் ஓட்டி ஓட்டி உன் வீட்டு வழியையே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. குலசேகரம் ரோட்டிலிருந்து இறங்கினால் இரண்டு பக்கமும் கையாலைச் சுவர். நீ காட்டிய வண்டி கண்ணாடியை மடக்கினாலும் 1.9 மீட்டர் அகலம் இருக்கும். என் மாருதி 800 வெறும் 1.44 மீட்டர், அதிலேயே அந்தத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைவேன். எதிரே ரப்பர் ஷீட் ஏற்றிய குட்டி யானை வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது? அவன் எடுக்க மாட்டான். இருபத்தைந்து லட்சத்தை நீதான் மெயின்ரோடு வரை பின்னால் உருட்ட வேண்டும்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிப் பார். முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகளை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? உயரமான வண்டி என்றால் பக்கத்துக் காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங் கையிலேயே இழுக்கும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது லாரி மறைவில் காற்று நின்று, முன்னால் போனதும் பொத்தென்று அறையும். அந்த ஒரு நொடியில் உன் பெரிய டயர் எதுவும் உதவாது.

உனக்கு ஏன் அந்த வண்டி வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா அம்பாசிடரைத் தக்கலை ஸ்டாண்டில் போட்டு ஓட்டிய காலத்தில், முதலாளிமார் வீட்டுப் பிளசர் கார் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் உனக்கு வேண்டும். தப்பில்லை. ஆனால் இப்போது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றால் அதே போல பதினைந்து வண்டி போகும். ஒருத்தனும் திரும்ப மாட்டான்.

அம்பாசிடர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் அதைச் சாமி போலப் பேசுகிறார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, 2014 வரை உத்தர்பாராவில் கிட்டத்தட்ட அதே உருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட் சொர்க்கம், ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது பேரும் ஒரு வாழைக்குலையும் ஏறும். ஆனால் பேச்சிப்பாறை இறக்கத்தில் அந்த பிரேக்கை மிதித்துப் பழகிய உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். என் ஆசை என்றைக்குமே கான்டெசா கார்தான். ஓட்டத்துக்கு இல்லை, அந்த நீளமான பானட்டுக்கு. பார், நானும் உன்னைப் போலத்தான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.என். 75 நம்பர் பைக் பையன்கள் சைலன்சரை மாற்றிக்கொண்டு முட்டம் கடற்கரைக்குப் பறக்கிறார்கள். அம்மை திட்டுவதை எழுத முடியாது. கம்பெனி வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது, யார் கேட்கிறார்கள்? எனக்குச் சத்தம் பிடிக்காது. ஆனாலும் அவர்களில் இரண்டு பேர் என் 800இன் கார்ப்பரேட்டரை அரை மணி நேரத்தில் கழற்றி மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் குத்தாமல் எஞ்சினைக் காதால் கேட்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

கார்ப்பரேட்டர் ஏன் கழன்றது என்றால், பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், தண்ணீரையும் இழுக்கும். என் 1996 வண்டியின் பெட்ரோல் டியூப் உளுந்துவடை போல உப்பிவிட்டது. ரப்பர் விளையும் ஜில்லாவில் ரப்பராலேயே வண்டி நின்றது, கேள். போதாததற்கு இந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். கட்டத்தான் போகிறேன்.

ஆனால் உன்னையும் 800 வாங்கு என்று சொல்லுவேனா? அது பிஸ்கட் டப்பா. ஏர்பேக் கிடையாது. பேத்தியை அதில் வைத்துக்கொண்டு நான்கு வழிச் சாலைக்குப் போகவே மாட்டேன். நீ நான்கு மீட்டர் நீளத்துக்குள் ஒன்று பார். ஆறு ஏர்பேக், பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதே. 1,200 சிசிக்குள் பெட்ரோல் என்றால் வரி 18 சதவீதம்தான். நீ காட்டியதற்கு 40. மிச்சத்தில் அடியில் துருப்பிடிக்காத கோட்டிங் அடி, நம் உப்புக்காற்றுக்கு அது முக்கியம். உன் மச்சான் எலெக்ட்ரிக் வாங்கச் சொல்கிறானாமே. தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை போன ஆகஸ்டில் திறந்தாயிற்று, ஒரு நாள் போய் ஓட்டிப் பார்ப்போம். தங்கச்சியிடமும் கேள், உங்கள் வீட்டில் அதிகம் ஓட்டப் போவது அவள்தான்.

மார்ச்சில் திருவனந்தபுரம் விமானநிலையத்துக்கு நானே வருகிறேன், 800இல்தான். ஏசி வேலை செய்யாது. டிக்கியில் ஒரு பெட்டிதான் போகும், மற்றதை மடியில் வைத்துக்கொள். களியக்காவிளை தாண்டியதும் சாயா குடிப்போம், திட்டுவதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

உன் பழைய கூட்டாளி