ஒரு பார் கூட இருந்த பாட்டும் கூட நிண்ட ஆக்களும்

தங்கச்சிட கல்யாணம் முடிஞ்சு ரெண்டு கிழமையாகுது, இன்னும் உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாம இருக்கிறது நெஞ்சில கிடந்து உறுத்துது. கோயில்ல நன்மை (நற்கருணை) எடுக்கிற நேரம் ஆவே மரியா எண்ட மாதா பாட்டுக்கு நான்தான் கீபோர்ட் வாசிச்சன், மூணு மாசத்துக்கு முதல் அந்த நோட்ஸைப் பாத்து அழுத ஆள்.

முதல் நன்றி எங்கட ஒழுங்கை சங்கீத டீச்சருக்கு. நான் வாசிச்சது பாக் எண்ட ஜெர்மன் இசைக்காரர் 1722ல தொகுத்த புத்தகத்தில வாற சி மேஜர் ப்ரெலூட் எண்ட சின்ன வாசிப்பு, அதுக்கு மேல 1853ல குனோ எண்ட பிரெஞ்சுக்காரர் ஒரு மெட்டு வச்சவர், அதான் பாட்டு. பார் எண்டா நோட்ஸ்ல கோடு போட்டுப் பிரிச்ச ஒரு துண்டு, அதில 4 அடி, 16 நோட். நான் முதல் நாளே முழு வேகத்தில அடிச்சு அடிச்சு ஒரே இடத்தில பிழைச்சுக் கொண்டிருந்தன். டீச்சர் வேலியால எட்டிப் பாத்து, "பியானோ எனக்குத் தெரியாது புள்ள, ஆனா அடிக்கு நாலு எண்டா அது மூணாங்காலம், சரளி வரிசைய ஆராவது மூணாங்காலத்தில தொடங்குவாங்களா?" எண்டு கேட்டா. அண்டையில இருந்து அடிக்கு ஒரு நோட், அது பிழையில்லாம வந்தா ரெண்டு, பிறகுதான் நாலு. தாளம் தட்டுற மெட்ரோனோம் எண்டு தனியா ஒண்டும் வாங்கேல்ல, டீச்சர்ட கைத் தாளம்தான்.

கொயர் அக்கா, நீங்க சொல்லித் தந்தது இல்லாட்டி நான் இன்னும் ரெண்டாம் பக்கத்திலதான் நிப்பன். கடைசி மூணு பாரைத் தவிர எல்லா பாரும் அஞ்சு நோட்தான், இடது கைக்கு ரெண்டு வலது கைக்கு மூணு, அதையே ரெண்டு தரம் சுத்தி வாசிக்கிறம். அதால அஞ்சையும் ஒண்டா அமத்தி கோர்டா வாசிக்கச் சொன்னீங்க. ஒரு கிழமை அப்பிடியே அமத்தி அமத்தி கை இடம் மாறுறத மட்டும் பழகினன், பிறகு பிரிச்சு வாசிக்கக்குள்ள விரல் தானா போய் நிண்டிச்சு. எந்த நோட்டுக்கு எந்த விரல் எண்டு பென்சிலால நம்பர் போட்டு, பிறகு ஒரு நாளும் மாத்தாத எண்டு சொன்னதும் நீங்கதான். நான் மாத்தி மாத்தி போட்ட நாளெல்லாம் வீணாப் போச்சு, அது உண்மை.

கல்லடி மாமிக்கு வேற நன்றி. என்ட பிரிண்ட்ல 35 பார், ஆனா பாட்டுப் பாடுற புள்ளையோட சேந்து வாசிச்சா நடுவுல நான் ஒரு பார் முந்திப் போயிடுவன், என்ட கணக்குத்தான் பிழை எண்டு ரெண்டு நாள் நித்திரையில்ல. மாமிட பழைய புத்தகத்தப் பாத்தாத்தான் விஷயம் விளங்கிச்சு, 22க்கும் 23க்கும் நடுவுல ஒரு பார் கூட இருக்கு. பாக் எழுதினதில்ல, ஷ்வெங்கே எண்டவர் பிறகு சேத்தது, குனோ அதோடதான் மெட்டு போட்டவர். பாக் கீழ் நோட்ட எஃப் ஷார்ப்ல இருந்து ஏ ஃப்ளாட்டுக்கு ஒரே தாவா தாவுறார், சேத்த பார் நடுவுல ஜிய வைக்கிது. எனக்கு பாக்ட தாவல்தான் பிடிக்கும், ஆனா பாட்டுக்கு அந்த பார் வேணும்.

தம்பி, ஒவ்வொரு நாளும் போன்ல ரெக்கோர்ட் பண்ணித் தந்ததுக்கு நன்றி. வாசிக்கக்குள்ள கேக்காத பிழையெல்லாம் அதிலதான் கேட்டிச்சு. அம்மாவுக்கும், ராவைக்கு வராதத விட்டுட்டுப் படு எண்டு கீபோர்ட மூடினதுக்கு. காலம எழும்பி வாசிச்சா கன தரம் அது வந்திருக்கும்.

நம்ம 61 கட்டை கீபோர்ட் காணாது எண்டு பயந்தன். கடைசியில வாற ஆகக் கீழ சி நோட், இடப்பக்கம் முதல் கட்டையேதான், அதுக்கு கீழ ஒண்டும் தேவைப்படேல்ல.

மாமி, புத்தகத்த ஞாயிறு பூசை முடிய கொண்டு வாறன். விரல் நம்பர நீங்க கேட்டபடி அழிக்காம வச்சிருக்கன்.